படுதாக் கடையின் நட்சத்திரங்களை எப்படிப் படிப்பது?

எங்கள் மொட்டைமாடிப் படிக்கு மேலே போட்ட படுதா இரண்டாவது கோடையிலேயே தொங்கிவிட்டது. துணியில் ஒரு கிழிசல் இல்லை. தையல் மட்டும் முழ நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. கூகுளில் விமர்சனம் பார்த்துத்தான் அந்தக் கடைக்குப் போனேன். கிட்டத்தட்ட எல்லாரும் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். அப்புறம் எங்கே தப்பு?

அன்று ராத்திரி அதே விமர்சனங்களை ஒரு கேள்வியோடு மறுபடி படித்தேன். எழுதியபோது அவர் வீட்டுப் படுதாவுக்கு வயது என்ன? பெரும்பாலும் மாட்டிய அன்று, இல்லாவிட்டால் அந்த வாரம். "நேரத்துக்கு வந்தாங்க, மரியாதையா பேசினாங்க, கலர் சூப்பர்." யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படுதா இன்னும் ஒரு மழைகூடப் பார்க்கவில்லை. எங்கள் சாஃப்ட்வேர் தொழிலில் ரிலீஸ் அன்றைக்கு வரும் பாராட்டை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வீட்டுக்கு வாங்கும்போது மட்டும் அது மறந்துபோகிறது.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் லாரித் தார்ப்பாய் தைக்கிற பழைய கடை ஒன்று உண்டு. முப்பது வருஷத்துக்கு மேல் இருக்கும். நட்சத்திரம் குறைவு என்று முதலில் ஒதுக்கியிருந்தேன். இப்போது பார்த்தால் புகார் எல்லாம் ஒரே மாதிரி: சொன்ன தேதிக்குத் தரவில்லை, போனை எடுப்பதில்லை. தையல் விட்டது என்று ஒருவர்கூட எழுதவில்லை. நடுவே ஒருவர், "எட்டு வருஷம் ஆச்சு, வளையம் மட்டும் மாத்தினேன்" என்று ஒரு வரி எழுதியிருந்தார். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வரிதான்.

காரணம் நூல். பிவிசி பூசிய துணிக்கு மேலே ஒரு காப்பு இருக்கிறது. தைத்த நூலோ வெளியே நின்று புற ஊதாக் கதிரை நேரடியாக வாங்குகிறது. மெல்லிய நூலாக இருந்தால் துணிக்கு முன்பே அது இற்றுப்போகும். (தார்ப்பாயில் இருக்கிற 'தார்' நிஜத் தார்தான். தண்ணீர் இறங்காமலிருக்கக் கப்பல்காரர்கள் கித்தானுக்குத் தார் பூசினார்கள்.)

திட்டுகளிலும் இதே காலக் கோளாறு உண்டு. "முதல் மழைக்கே ஊசித் துளையில சொட்டுது" என்று ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவர் வாங்கியது பருத்திக் கித்தான். புதுப் பருத்தி அப்படித்தான். நனைந்தால் இழை உப்பும். ஓரிரு முறை நனைந்து காய்ந்த பிறகு துளைகள் பெரும்பாலும் அடைபடும். அவர் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

ஆனால் "தண்ணி தேங்குது" என்று யாராவது எழுதியிருந்தால், மாட்டிய மறுநாளே எழுதியிருந்தாலும் நம்புங்கள். அது சரிவுக் குறை, நாளாக ஆக மோசமாகத்தான் ஆகும். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். 10 அடிக்கு 6 அடிப் படுதாவில் 10 மி.மீ. மழை விழுந்து வழியாமல் நின்றால் 55 கிலோவுக்கு மேல் பாரம். துணி தொய்யும், தொய்ந்த இடத்தில் இன்னும் தேங்கும்.

கடைசியில் கிழிந்த படுதாவைத் தூக்கிக்கொண்டு பழைய கடைக்கே போனேன். பெரியவர் நூலை நகத்தால் கீறிப் பார்த்தார். அது பொடியாக உதிர்ந்தது. "துணி நல்ல துணி சார், நூல்லதான் காசு மிச்சம் பண்ணிட்டாங்க" என்றார். தடித்த நூலில் இரட்டைத் தையல் போட்டுத் தர மூன்று வாரம் இழுத்தடித்தார். போனையும் எடுக்கவில்லை.

நான் இன்னும் விமர்சனம் எழுதவில்லை. இரண்டு கோடை போகட்டும்.