ஓட்டம் அவளுடையது, படம் யாருடையது?

தை பிறந்துவிட்டால் எமது கல்லூரிகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளின் ஆரவாரம் தொடங்கிவிடும். சில ஆண்டுகளுக்கு முன்னர் அத்தகைய போட்டியொன்றில், எம்மிடம் கற்ற மாணவி ஒருத்தி 400 மீற்றர் ஓட்டத்தில் முதலிடம் பெற்றாள். அவள் முடிவுக் கோட்டைத் தாண்டிய கணத்தில் எடுக்கப்பட்ட படம் பத்திரிகையில் வெளிவந்தது. கண்டு நாமும் மகிழ்ந்தோம். மூன்று மாதங்களின் பின் அதே படம் சந்தியிலே ஒரு பால்மா விளம்பரப் பலகையில் ஆளுயரத்தில் நின்றது. ஊரவர் சிலர் அவளுடைய தந்தையாரிடம், “பிள்ளையின் படத்தை என்ன விலைக்குக் கொடுத்தீர்கள்?” என்று கேட்டுவிட்டனர். ஒரு சதமேனும் பெற்றறியாத அவர் எம்மிடம் வந்து, “சேர், இதைக் கேட்க எங்களுக்கு ஒரு உரிமையும் இல்லையோ?” என்றார். அன்று தக்க விடை கூற எம்மால் இயலவில்லை. பின்னர் நூல்களைத் தேடிப் படித்தபோதுதான் அவருடைய மனக்குறை உலகுக்குப் புதியதன்று என்பதை அறிந்தோம்.

இங்கிலாந்தில் சிரில் டொலி என்பவர் பெயர்பெற்ற கொல்வ் ஆட்டக்காரர். பணம் பெறாது விளையாடியவர். 1928ஆம் ஆண்டில் ஃபிரை சொக்கலேற் நிறுவனத்தார், அவருடைய பையிலிருந்து சொக்கலேற் எட்டிப்பார்ப்பதாக ஒரு கேலிச்சித்திரம் வரைவித்துப் பத்திரிகைகளில் விளம்பரஞ் செய்தனர். “காசுக்குப் பெயரை விற்றான் என்றல்லவோ உலகம் எண்ணும்!” என்பதே அவர் தொடுத்த மானநட்ட வழக்கின் சாரம். அச்சித்திரம் அவ்வாறு பொருள்படக் கூடியதே என்று 1931இல் பிரபுக்கள் சபை தீர்த்தது. எமது ஊர்த் தந்தையார் பட்ட வேதனையும் இதுவே அன்றோ? ஆயினும், ஒருவர் முகத்தை அனுமதியின்றி எடுத்தாள்வதே குற்றமென்று அத்தீர்ப்புக் கூறிற்றில்லை.

இதனினும் எம்மை வருத்தியது அமெரிக்க வழக்கொன்று. டேவி ஓபிரையன் அந்நாட்டு உதைபந்தாட்டத்தில் 1938இன் தலைசிறந்த கல்லூரி வீரர். (பெயர்தான் உதைபந்தாட்டம், பந்தைக் கையால் எறிவதிலேயே அவர் சமர்த்தர்.) இளைஞரை மதுவிலிருந்து விலக்கப் பாடுபட்ட சங்கமொன்றிலும் அவர் உறுப்பினர், பியர் விளம்பரங்களுக்கு இணங்க மறுத்தவர். அவருடைய படத்தையே பப்ஸ்ற் நிறுவனம், பியர்ப் போத்தலும் நிறைந்த கிண்ணமும் சூழ, 1939ஆம் ஆண்டு உதைபந்தாட்ட நாட்காட்டியில் அச்சிட்டது. படம் அவருடைய பல்கலைக்கழகத்தின் விளம்பரப் பகுதி கொடுத்தது! வழக்குத் தொடுத்தார்; 1941இல் மேன்முறையீட்டிலும் தோற்றார். புகழை நாடியவருக்கு மறைவுரிமை ஏது என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் கருத்து. மைதானத்தில் ஆடியவன் மதுக்கடைக்கும் இசைந்தவனாவானோ? நீதிபதி ஹோம்ஸ் ஒருவர் மட்டும் மாறுபட்டு எழுதினார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1953இல், பேஸ்போல் வீரர்களின் படங்களுக்காக இரு சூயிங்கம் நிறுவனங்கள் மோதிய வழக்கில், நீதிபதி ஜெறோம் பிராங்க் தம் உருவத்தின் விளம்பரப் பயன்மீது வீரருக்குத் தனியுரிமை உண்டென நிலைநாட்டினார். முகத்தைக் காக்க ஒரு சட்டம் பிறந்தது வணிகர் சண்டையில் என்பது வேடிக்கைதான்.

எமது நாட்டுக்கு மிக அண்மையானது தென்னாபிரிக்கத் தீர்ப்பு. அங்கும் இங்கும் பொதுச்சட்டம் உரோமன் ஒல்லாந்துச் சட்டமே. வானொலியில் புகழ்பெற்ற பெண்மணி ஒருவர், துப்பாக்கிப் பயிற்சித் திடலில் தம்மைப் படமெடுக்க இசைந்தார். பத்திரிகைக் கட்டுரைக்கென்றே இசைந்தார். அப்படம் துப்பாக்கி விற்பனை விளம்பரத்தில் தோன்றியது. 1954இல் கேப் நீதிமன்றம், இது ஒருவரது கண்ணியத்தைத் தாக்குவதாகலாம் என்று ஏற்றது. அத்தீர்ப்பு எமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாதெனினும், எடுத்துக்காட்டத் தக்கது. எமது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளுள் மறைவுரிமை வெளிப்படையாகக் கூறப்படாமையால், இப்பழைய சட்டத்தின் பெறுமதி இன்னும் கூடுகின்றது.

படம்பிடிப்பவரையும் நாம் மறத்தலாகாது. வெயிலில் நின்று ஒரு கணத்தைப் பிடித்தவர் அவர். படத்தின் பதிப்புரிமை அவரைச் சாரும். ஓடிய ஒவ்வொருவரிடமும் கையொப்பம் வாங்கித்தான் செய்திப்படம் போடுவதென்றால் விளையாட்டுப் பக்கமே வெறுமையாகிவிடும். நாம் சொல்வது செய்தியையன்று, செய்திக்கென்று எடுத்ததை வேறொன்றுக்குத் திருப்புவதை. விற்பனையினும் இழிந்த திருப்பமும் உண்டு. வீராங்கனையரின் உடலை மட்டும் குறிவைக்கும் கமராக்களைக் கண்டித்து, 2020 நவம்பரில் யப்பானிய ஒலிம்பிக் குழுவும் பிற விளையாட்டு அமைப்புகளும் கூட்டறிக்கை விடுத்தன. அடுத்த ஆண்டு ஜேர்மனியச் சீருடற் பயிற்சி வீராங்கனையர் கணுக்கால்வரை மூடிய உடையுடன் தோக்கியோவில் போட்டியிட்டனர். படம்பிடிப்போர் திருந்தவேண்டிய இடத்தில் பெண்கள் உடையை மாற்ற நேர்ந்ததே!

பால்மாப் பலகை, எமது அதிபர் கடிதம் எழுதிய பின் இரு கிழமையில் இறக்கப்பட்டது. மன்னிப்பென்று ஒரு சொல்லும் வரவில்லை. அம்மாணவி மறு ஆண்டு ஓட வரவில்லை. நாம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். இப்பொழுது போட்டிக்கு முன் பெற்றோரிடம் வாங்கும் படிவத்தில், பிள்ளையின் படம் கல்லூரி மலருக்கும் செய்திக்குமன்றி வேறெதற்கும் கொடுக்கப்படமாட்டாது என ஒரு வரி சேர்த்திருக்கிறோம். சென்ற முறை தம் இளைய மகளுக்காகக் கையொப்பமிட வந்த அத்தந்தையார், அவ்வரியை இருமுறை வாசித்துவிட்டே பேனையைக் கேட்டார்.