1945-ஆம் ஆண்டுப் பதிப்பு எதற்கு?

தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா, ‘பிராக்டிஸ் அண்ட் ப்ரிசெப்ட்ஸ் ஆஃப் ஜீசஸ்’ என்ற நூலைச் சிறையில் எழுதினார். காந்தியின் முன்னுரையோடு அகமதாபாத் நவஜீவன் 1945-இல் அதை வெளியிட்டது. பழைய புத்தகம் தேடுவோர் இன்றும் ஏறியிறங்கும் பெங்களூர் செலக்ட் புத்தகக் கடை பிறந்ததும் அதே ஆண்டில்தான்.

மறுபதிப்பு மலிவாகக் கிடைக்கும்போது பழைய படிக்கு ஏன் கூடுதல் விலை என்று கேட்கலாம். கருத்தை அறிய மறுபதிப்பே தாராளமாகப் போதும். ஆனால் இந்நூல் இரண்டாம் உலகப் போரின் நடுவே போரை எதிர்த்து எழுந்த குரல்; போரை எதிர்ப்பது, போர் ஓய்ந்தபின் யாருக்கும் எளிது. சொன்ன காலம்தான் சொல்லுக்கு எடை தருகிறது. அந்தக் காலத்துக்குச் சாட்சி முதல் பதிப்பின் அச்சு விவரப் பக்கம், விலை, காகிதம், பழைய உரிமையாளரின் கையெழுத்து. குமரப்பா சிறை சென்றது நாட்டு விடுதலைக்காக, போரெதிர்ப்புக்காக அல்ல என்ற மறுப்பு இன்னும் வலுவானது. எனினும் அன்று இரண்டையும் பிரிப்பது கடினம். 1940 அக்டோபர் 17-இல் காந்தியின் சீடர் வினோபா பாவே தொடங்கிய தனிநபர் சத்தியாக்கிரகத்தில் போருக்கு எதிரான பேச்சே குற்றமானது. ஆகவே சேகரிப்பவர், பளபளக்கும் புது பைண்டிங்கைவிட அச்சு விவரப் பக்கம் கிழியாத படியையே நாடுவது நல்லது. பழைய நூலக முத்திரைகளைச் சுரண்டி எடுக்கவும் வேண்டாம்.