சதுக்கத்தில் ஆடினால் சிறை!

தெருவில் நின்று உடற்பயிற்சி செய்வது குற்றமாகுமா? ஆகும் என்றது ஒரு நாட்டின் சட்டம். உலகிலேயே மிகுதியான கத்தோலிக்கர் வாழும் பிரேசில்தான் அந்த நாடு. 1890ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் வெளியான அந்நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 402ஆம் பிரிவு, ‘கப்போயிரா’ என்று பெயர் பெற்ற உடல் திறப் பயிற்சிகளைத் தெருக்களிலும் பொதுச் சதுக்கங்களிலும் செய்வோருக்கு இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை விதித்தது. கூட்டத்தின் தலைவனுக்குத் தண்டனை இரு மடங்கு. அயல்நாட்டவன் ஒருவன் மீண்டும் அக்குற்றத்தைச் செய்தால், சிறைவாசம் முடிந்த பின் நாடு கடத்தல்.

ஆயுதம் ஏந்தி ஓடுதலும் கலகம் விளைத்தலும் அதே பிரிவில் சேர்க்கப்பட்டிருந்தன என்பது உண்மையே. ஆயினும் முதலில் நின்றது வெறும் பயிற்சிதான். எவரையும் அடிக்க வேண்டியதில்லை. எப்பொருளையும் உடைக்க வேண்டியதில்லை. திறந்த வெளியில், பிறர் காணக் கைகால் வீசிப் பழகினாலே போதும், காவலர் கைது செய்யலாம். அந்தச் சட்ட அத்தியாயத்தின் தலைப்பு ‘வீணரும் கப்போயிராக்காரரும்’ என்பது. யாரை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட சட்டம் இது என்பதை அந்தத் தலைப்பே சொல்லிவிடுகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்வரை அடிமைகளாயிருந்த கறுப்பின மக்களையும் அவர்தம் பிள்ளைகளையுமே அது குறித்தது.

அடிமைகளின் ஆட்டம்

16ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஏறத்தாழ 50 இலட்சம் ஆப்பிரிக்கர் பிரேசிலுக்கு அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். அவருள் மிகப் பலர் அங்கோலாக் கரையிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள். கரும்புத் தோட்டத்திலும் தங்கச் சுரங்கத்திலும் காப்பித் தோட்டத்திலும் உழைத்து மாண்டனர். துறவற மடங்களும் அடிமைகளை வைத்திருந்தன என்பதை மறைப்பதற்கில்லை. புனித ஆசீர்வாதப்பர் சபையார் 1871இல் தங்கள் அடிமைகள் அனைவரையும் விடுவித்தனர். அது நன்றே, ஆனால் மிகத் தாமதமே. திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1888ஆம் ஆண்டு மே 5ஆம் நாளிட்ட சுற்றுமடலைப் பிரேசில் ஆயர்களுக்கு எழுதி, அடிமைத்தனத்தை வன்மையாகக் கண்டித்தார். மே 13ஆம் நாள், தந்தையார் அயல்நாட்டில் இருந்தமையால் ஆட்சிப் பொறுப்பேற்றிருந்த இளவரசி இசபெல் விடுதலைச் சட்டத்தில் கையொப்பமிட்டார்.

விடுதலை வந்தது, ஆனால் ஒரு காணி நிலமும் வரவில்லை, பள்ளியும் வரவில்லை, ஈடாக ஒரு காசும் வரவில்லை. அடுத்த ஆண்டே முடியாட்சி வீழ்ந்து குடியரசு மலர்ந்தது. அந்தக் குடியரசு இம்மக்களுக்கு முதலில் தந்தவற்றுள் ஒன்றே மேலே கூறிய 402ஆம் பிரிவு.

கப்போயிரா என்பது யாது? அது போர்க்கலை, ஆட்டமும் பாட்டும் விளையாட்டும் அதனுள் அடக்கம். மக்கள் வட்டமாக நிற்பர். அவ்வட்டத்திற்குப் போர்த்துக்கீசிய மொழியில் ‘ரோடா’ என்று பெயர். நடுவில் இருவர். அவர்கள் ஓரிடத்தில் ஊன்றி நிற்பதே இல்லை. காற்றில் அசையும் நாணல்போல் இடமும் வலமும் ஊசலாடியபடியே இருப்பர். திடீரென ஒருவர் கையைத் தரையில் ஊன்றிக் காலைச் சுழற்றி வீசுவார். மற்றவர் அதனைத் தடுப்பதில்லை. குனிந்தோ சாய்ந்தோ உருண்டோ அதன் கீழே நழுவிவிடுவார். நழுவும் அசைவிலிருந்தே தம் வீச்சைத் தொடங்குவார். கால் மயிரிழையில் முகத்தைக் கடந்து செல்லும், படுவதில்லை. ‘அடித்திருக்கலாம், அடிக்கவில்லை’ என்று காட்டுவதே தேர்ந்த ஆட்டக்காரரின் பெருமை. நம் சிலம்ப ஆசான்கள் கம்பின் நுனியை எதிராளியின் நெற்றிக்கு முன் நிறுத்திப் புன்னகைப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெருமை புதிதன்று.

இவ்வாட்டத்தை நடத்துவது ஓர் இசைக்கருவி. அதன் பெயர் ‘பெரிம்பாவ்’. வளைத்த மரக்கழியில் உருக்குக் கம்பி கட்டி, அடியில் உலர்ந்த சுரைக்குடுவை ஒன்றைப் பொருத்தியிருப்பர். மெல்லிய குச்சியால் கம்பியைத் தட்டுவர். வில்லுப்பாட்டின் வில்லைக் கண்ட நம் தென்மாவட்டத்தார் இதனைப் பார்த்தால் உறவுக்காரர் என்றே எண்ணுவர். வேகமாக ஆடுக, மெதுவாக ஆடுக, நிறுத்துக என்னும் கட்டளைகள் யாவும் இதன் தாளத்திலிருந்தே வருகின்றன. தாளங்களின் பெயர்களைக் கேட்டால் நமக்கு வியப்புண்டாகும்: ஒன்று ‘புனித மரியா’, இன்னும் இரண்டு ‘பெரிய புனித ஆசீர்வாதப்பர்’, ‘சிறிய புனித ஆசீர்வாதப்பர்’. பாம்புக்கடியிலிருந்து காக்கும் புனிதராக அவரை அந்நாட்டு எளிய மக்கள் வேண்டிக்கொள்வது வழக்கம். தரையோடு தரையாக நழுவும் இவ்வாட்டத்திற்கு அவர் பெயர் வந்தது பொருத்தமே. ஆட்டத்திற்கு முன் மூத்தவர் ஒருவர் தனித்துப் பாடும் பாடலுக்கு மன்றாட்டுமாலை என்று பொருள்படும் ‘லடாயின்யா’ என்பதே பெயர். அதனைக் கேட்டபடி இருவரும் பெரிம்பாவின் காலடியில் குந்தியிருப்பர். பலர் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டே ஆட்டத்தில் இறங்குவர். ஆப்பிரிக்கரின் பழஞ்சமயப் பெயர்களும் அப்பாடல்களில் கலந்து வருவதுண்டு. மூன்று நூற்றாண்டுத் துயரம் தன்னுள் கிடைத்ததையெல்லாம் சேர்த்துவைத்த பை அது. பிரித்தெடுத்து எடை போடுவது எளிதன்று.

சட்டம் சொன்ன காரணம்

காவலர் தரப்பையும் கேட்க வேண்டுமன்றோ? அக்காலத் தலைநகராகிய ரியோ டி ஜெனிரோவில் கப்போயிராக்காரர்கள் கும்பல்களாகப் பிரிந்திருந்தனர். சவரக் கத்தியோடு திரிந்தனர். பகைக் கும்பலோடு தெருவில் மோதினர், வழிப்போக்கரும் காயமுற்றனர். இவையெல்லாம் நடந்தவையே. ஆனால் தேர்தல் காலங்களில் எதிர்க்கட்சிக் கூட்டங்களைக் கலைக்க இதே கும்பல்களைக் கூலி கொடுத்து அழைத்தவர்கள் யார்? மேல்சட்டையும் தொப்பியும் அணிந்த அரசியல்வாதிகளே. வேலை முடிந்ததும் கருவியைக் குற்றவாளி என்றனர்.

குடியரசின் முதற் காவல்துறைத் தலைவர் சம்பாயோ ஃபெராஸ், தண்டனைச் சட்டம் வருமுன்னரே கைது செய்யத் தொடங்கிவிட்டார். பிடிபட்டோர் நெடுந்தொலைவில் கடல் நடுவே உள்ள ஃபெர்னாண்டோ டி நொரோன்யாத் தீவிற்கு அனுப்பப்பட்டனர். அவருள் ஒரு பிரபுவின் மகனும் இருந்தான். அவனை விடுவிக்க வேண்டுமென்று அமைச்சர் ஒருவரே பதவி விலகுவதாக அச்சுறுத்தினார். ஏழைகளுக்காக எந்த அமைச்சரும் விலக முன்வந்ததாகச் செய்தியில்லை.

ரியோவில் கலை ஏறக்குறைய அழிந்தது. அது உயிர் தப்பிய இடம் வடகிழக்கே பாகியா மாநிலத்தின் தலைநகராகிய சால்வடார்.

ஆலய முற்றத்து ஆட்டம்

சால்வடார் கோயில்களின் நகரம். ஒவ்வொரு பெரிய ஆலயத்தின் முன்னும் ஒரு சதுக்கம். டிசம்பர் 8ஆம் நாள் கடற்கரை அமல உற்பவ அன்னையின் திருநாள். சனவரியில் பொன்ஃபிம் ஆண்டவர் திருவிழா. நம்மூர்க் கொடியேற்றத்திற்கும் தேர்பவனிக்கும் இடைப்பட்ட நாட்களைப் போன்றே அங்கும் கடைகள், பலகாரங்கள், மேளங்கள், பக்கத்து ஊர் உறவினர். இத்திருவிழாக்களுக்கே ‘சதுக்கத் திருவிழா’ என்பது அவ்வூர் வழக்கு. கப்போயிரா ஆசான்கள் பல பேட்டைகளிலிருந்தும் வந்து கூடி, ஆலயத்தின் முன்வெளியில் ரோடா அமைத்தனர். சட்டம் தடுத்தது எதுவோ அதுவே திருநாளின் நெரிசலில், ஆலய மணியோசையின் கீழ் நடந்தது. எந்தப் பங்குத்தந்தையும் மேடையேறி இதற்கு அனுமதி தந்தார் என்பதன்று. ஏழைகளும் கூடலாம் என்றிருந்த நாட்கள் திருநாட்களே என்பதுதான் செய்தி.

ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஆட்டம் உண்டு. வாரமெல்லாம் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள் அன்று வெள்ளை வெளேரென்ற உடையில் வருவர். அந்த உடையோடே ஆடுவர். தரையில் கை ஊன்றி, உருண்டு, நழுவி எழுந்த பின்னும் உடையில் ஒரு கறை படாதிருத்தல் வேண்டும். அதுவே தேர்ச்சிக்குச் சான்று. தங்கள் ஆட்டத்திற்கு அவர்கள் செல்லமாக வைத்திருந்த பெயர் ‘வடியசாங்’, அஃதாவது ‘வீணாய்த் திரிதல்’. சட்டம் வசையாக எறிந்த சொல்லை எடுத்துத் துடைத்து மார்பில் அணிந்துகொண்டனர்!

1920களில் சால்வடாரிலும் வேட்டை தொடங்கிற்று. பெட்ரிட்டோ என்று மக்கள் அழைத்த காவல் அதிகாரி குதிரைப்படையோடு வந்து ரோடாக்களைக் கலைத்தார். பெரிம்பாவ் வாசிப்போர் அதற்கென ஒரு தாளம் வைத்திருந்தனர்: குதிரைக் குளம்பொலி போன்று ஒலிக்கும் ‘கவலரியா’, அஃதாவது குதிரைப்படை. தெருக்கோடியில் குதிரை தெரிந்தால் தாளம் மாறும். மறுகணம் அங்கே சண்டையில்லை. சாதாரண நடனமும் கைதட்டலுமே இருக்கும்.

இரண்டு மேஸ்திரிகள்

ஆசானுக்குப் போர்த்துக்கீசியர் சொல்லும் பெயர் ‘மெஸ்த்ரே’. நாம் சாவி, அலமாரி, சன்னல் ஆகிய சொற்களைப் பெற்ற அதே மொழியிலிருந்துதான் நம் மேஸ்திரியும் வந்தார். சால்வடாரில் இரண்டு மேஸ்திரிகள் இக்கலையின் விதியை மாற்றினர்.

முதலாமவர் பிம்பா. துறைமுகச் சுமைதூக்கியாயிருந்தவர். 1932இல் அவர் தெருவை விட்டுவிட்டு ஒரு கூடத்திற்குள் பள்ளி தொடங்கினார். ‘கப்போயிரா’ என்னும் சொல்லையே பெயர்ப்பலகையில் வைக்காமல் ‘பாகியா வட்டாரப் போர்முறை’ என்றார். மாணவன் ஒன்று படிப்பவனாயிருக்க வேண்டும், அன்றி வேலை செய்பவனாயிருக்க வேண்டும். சான்று காட்டாதவனுக்கு இடமில்லை. ‘வீணர்’ என்ற வசைக்கு இதைவிட நேரான மறுமொழி ஏது? 1937இல் அரசு அப்பள்ளியைப் பதிவு செய்துகொண்டது. 1940இல் இயற்றப்பட்ட புதிய தண்டனைச் சட்டத்தில் கப்போயிராக் குற்றம் இடம்பெறவில்லை. 1953இல் குடியரசுத் தலைவர் வர்காஸ் முன்னிலையில் பிம்பா தம் மாணவரோடு ஆடிக் காட்டினார். ஆனால் அங்கீகாரத்திற்கு ஒரு விலை இருந்தது: ஆட்டம் நான்கு சுவருக்குள் சென்றது. வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்தனர். சதுக்கத்தில் வளர்ந்த கலை சதுக்கத்தை விட்டு அகன்றால்தான் மதிக்கப்படும் என்ற நிலையை நான் முழு வெற்றி என்று எண்ணவில்லை.

இரண்டாமவர் பஸ்தின்யா. சிறுவயதில் தன்னிலும் பெரிய பையனிடம் நாள்தோறும் அடிபட்டு வந்தவர். அதனைச் சன்னலிலிருந்து கண்ட பெனதித்தோ என்னும் ஆப்பிரிக்க முதியவர் அழைத்துக் கற்றுக்கொடுத்தார். பழைய ‘அங்கோலா’ முறையின் மெதுவான, குறும்பும் அமைதியும் நிறைந்த ஆட்டத்தைக் காப்பதே தம் கடமை என்று பஸ்தின்யா 1941இல் பள்ளி தொடங்கினார். பின்னர் அப்பள்ளி பெலோரின்யோச் சதுக்கத்திற்கு வந்தது. ‘பெலோரின்யோ’ என்றால் சாட்டையடிக் கம்பம். அடிமைகளைக் கட்டிவைத்து அடித்த கம்பத்தின் பெயரையே அவ்விடம் இன்னும் தாங்கி நிற்கிறது. அங்கேதான் கறுப்பின மக்களின் செபமாலை அன்னை சபையார் 18ஆம் நூற்றாண்டில் தங்களுக்கென எழுப்பிய ஆலயமும் உள்ளது. செவ்வாய்க்கிழமை மாலைத் திருப்பலியில் ஆப்பிரிக்க மேளங்கள் முழங்க இன்றும் மக்கள் அங்கே பாடுகின்றனர்.

பஸ்தின்யா 1966இல் ஆப்பிரிக்காவின் டக்கார் நகரில் நடந்த கறுப்பினக் கலைவிழாவிற்குப் பிரேசிலின் சார்பில் சென்றார். பின்னர் கட்டடத்தைப் புதுப்பிக்க வேண்டுமென்று அவரைப் பள்ளியிலிருந்து வெளியேற்றினர். புதுப்பித்த பின் அங்கே உணவு விடுதி வந்தது. முதியவருக்கு இடம் திரும்பக் கிடைக்கவில்லை. பார்வையிழந்து, வறுமையுற்று, 1981இல் இறந்தார். பிம்பாவும் சொந்த ஊரில் ஆதரவின்றி மனம் கசந்து வேற்றூர் சென்று 1974இல் மறைந்தார். 2014இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் கப்போயிரா ரோடாவை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டபோது இருவரும் உயிரோடில்லை.

சால்வடார்ப் பேராலயத்தின் முன்னுள்ள சதுக்கத்திற்கு ‘இயேசுவின் முற்றம்’ என்று பெயர். முற்காலத்தில் இயேசு சபையாரின் ஆலயமாயிருந்தது அப்பேராலயம். அம்முற்றத்தில் இன்று ரோடா நடக்கிறது. பெண்களும் சிறுவரும் ஆடுகின்றனர். சுற்றுலா வந்தோர் காசு போடுகின்றனர். காவலரும் நின்று வேடிக்கை பார்க்கின்றனர். பெரிம்பாவ் கற்கும் பிள்ளைகளுக்குப் பழைய தாளங்களோடு ‘கவலரியா’வையும் கற்றுக்கொடுக்கின்றனர். குதிரைகள் வருவதில்லை, தாளம் மட்டும் இருக்கிறது.