எந்தப் பாடத்துக்குத் திரை வேண்டும்?

மாமல்லபுரத்தில் படிக்கும் பிள்ளைக்கு அர்ச்சுனன் தபசைக் காட்ட வீடியோ தேவையில்லை. வகுப்பையே வரிசையாக அழைத்துக்கொண்டு நடந்து போய்விடலாம். பாறைப் பிளவில் நெளியும் நாகர்கள், யானைக் கூட்டம், ஒற்றைக் காலில் நிற்கும் தவசி, அவரைப் போலவே கைதூக்கி நிற்கும் பூனை என்று ஒவ்வொன்றாகக் காட்டிப் பல்லவர் பாடத்தை அங்கேயே நடத்தலாம். ஆனால் 2004 டிசம்பர் 26 காலையில் கடல் ஏன் ஊருக்குள் வந்தது என்று அதே பிள்ளைக்குச் சொல்லித்தர, நடந்து போய்ப் பார்க்கும் இடம் கிடையாது. சுமத்ரா அருகே கடலடியில் புவித்தட்டு நழுவியதும், அதில் எழுந்த அலை வங்கக் கடலைத் தாண்டி இந்தக் கரையை எட்டியதும் அசையும் படமாக ஓடினால்தான் பிடிபடும். கரும்பலகையில் அம்புக்குறி போட்டு அதை விளக்குவது எவ்வளவு திறமையான ஆசிரியருக்கும் சிரமம்.

எந்தப் பாடத்துக்குத் திரை வேண்டும், எதற்கு வேண்டாம் என்று முடிவெடுக்கக் கற்றுக்கொடுப்பதுதான் ஆசிரியர்களுக்கான தொழில்நுட்பப் பயிற்சியின் உயிர். கருவியை இயக்கக் கற்பது அரைநாள் வேலை. முடிவெடுக்கக் கற்பதற்கு மாதங்கள் ஆகும். தமிழ்நாட்டில் அந்த அரைநாள் வேலைக்குத் தேவையான பொருள்கள் இப்போது வந்து சேர்ந்துவிட்டன. மாதக்கணக்கில் நடக்க வேண்டிய வேலை இனிமேல்தான் இருக்கிறது.

வந்து சேர்ந்தவை கொஞ்சமல்ல. 2018-ல் புதிய பாடநூல்கள் வந்தபோது பக்கங்களில் க்யூஆர் குறியீடு அச்சானது. அதைப் படம்பிடித்தால் மத்திய அரசு 2017-ல் தொடங்கிய திக்ஷா தளத்தில் பாடம் தொடர்பான வீடியோவோ பயிற்சியோ திறக்கும். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 2023 ஜூலையில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கான மணற்கேணி செயலி வெளியானது. 2024 ஜூனில் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் 79,723 பேருக்கு 101 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுக் கைக்கணினி வழங்கும் திட்டத்தையும், 455 கோடி ரூபாயில் 22,931 திறன்மிகு வகுப்பறைகள் அமைக்கும் திட்டத்தையும் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களுக்கான 519 கோடி ரூபாய் தனி.

மாமல்லபுரம் இருக்கும் செங்கல்பட்டு மாவட்டமும் இந்தத் திட்டங்களைப் போலவே புதியது. 2019 நவம்பர் 29-ல் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்தது. எட்டு ஒன்றியங்கள். வடக்கே பரங்கிமலை ஒன்றியத்தில் சென்னையோடு ஒட்டிய நெரிசலான பள்ளிகள். தெற்கே சித்தாமூர், இலத்தூர் பக்கம் ஒரு வகுப்பறைக்குள் இரண்டு மூன்று வகுப்புகள் உட்காரும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மீனவக் குப்பங்களின் பிள்ளைகளும் இருளர் குடும்பங்களின் பிள்ளைகளும் படிக்கும் பள்ளிகள். இவை எல்லாவற்றுக்கும் ஒரே பயிற்சிக் கையேடு போதும் என்று நினைப்பதில்தான் முதல் தடுமாற்றம்.

ஆசிரியருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற கேள்விக்குக் கல்வியியலில் ஒரு நல்ல பதில் உண்டு. பாடத்தை அறிந்திருப்பதும் கற்பிக்கத் தெரிந்திருப்பதும் வேறு வேறு. இரண்டும் சேருமிடத்தில் ஆசிரியருக்கே உரிய மூன்றாவது அறிவு ஒன்று இருக்கிறது என்று 1986-ல் அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் எழுதினார். பின்னத்தைக் கூட்டும்போது பிள்ளைகள் எந்த இடத்தில் வழுக்குவார்கள் என்று தெரிந்திருப்பது அந்த மூன்றாவது அறிவு. இருபது ஆண்டுகள் கழித்து, 2006-ல், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புன்யா மிஸ்ராவும் மாத்யூ கோலரும் இதனோடு தொழில்நுட்பத்தையும் சேர்த்தார்கள். டி-பேக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அவர்களுடைய கட்டமைப்பு, கணினி அறிவைத் தனியாகப் பயிற்றுவிப்பதால் வகுப்பறையில் பெரிதாக எதுவும் மாறாது என்பதை வலியுறுத்துகிறது. கணக்கு ஆசிரியருக்குக் கணக்கோடு சேர்த்து, தமிழாசிரியருக்குத் தமிழோடு சேர்த்துத்தான் பயிற்சி தர வேண்டும்.

ஒரு கணக்குப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். முக்கோணத்தின் மூன்று கோணங்களைக் கூட்டினால் 180 டிகிரி. ஆஸ்திரியாவில் 2001-ல் மார்கஸ் ஹோகன்வார்ட்டர் உருவாக்கிய ஜியோஜீப்ரா என்ற இலவச மென்பொருளில் ஒரு முக்கோணம் வரைந்து, அதன் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் மூன்று கோணங்களும் மாறிக்கொண்டே இருக்கும். கூடுதல் மட்டும் அசையாது. இதை ஆசிரியர் பாட்டுக்கு இழுத்துக் காட்டிவிட்டுப் போனால் பிள்ளைகளுக்கு அது ஒரு வேடிக்கை. இழுப்பதற்கு முன் கையை நிறுத்தி, “இந்த முனையை மேலே கொண்டு போனால் கூடுதல் கூடுமா, குறையுமா?” என்று கேட்டு, ஒவ்வொருவரையும் நோட்டில் எழுதச் சொல்லிவிட்டு, பிறகு இழுத்தால் அது கணக்கு. கூடும் என்று எழுதிய பிள்ளை தன் விடையை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் காரணம் தேடத் தொடங்கும் அந்த நிமிடத்துக்காகத்தான் இத்தனை கோடி செலவும். அந்தக் கேள்வியை எங்கே கேட்பது என்பது மென்பொருளின் உதவிப் பக்கத்தில் இருக்காது.

இன்னொன்று, இந்தக் கரையிலேயே இருப்பது. மாமல்லபுரத்துக்கு வடக்கே நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இயங்குகிறது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் அதன் திறன். சவ்வூடு பரவல் பாடத்தை உலர்திராட்சையைத் தண்ணீரில் ஊறப்போட்டு உப்பவைத்துக் காட்டி நடத்தலாம். அதற்குத் திரை வேண்டாம். ஆனால் அழுத்தம் கொடுத்து அதே ஓட்டத்தை எதிர்த்திசையில் திருப்பும்போது உப்பு ஏன் பின்தங்குகிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. அங்கே அசைபடம் கை கொடுக்கும். இந்த இரண்டையும் கோத்து, நடுவில் நெம்மேலியைச் சொல்லும் ஆசிரியரின் வகுப்பில் பாடநூலின் அந்தப் பக்கம் பிள்ளைகளின் சொந்த ஊராகிவிடும்.

புதிய கருவியைக் கண்டு ஆசிரியர்கள் தயங்குவது புதிதன்று. அதற்குச் சென்னையிலேயே பழைய சான்று இருக்கிறது. எழும்பூரில் 1789 முதல் ஆண்கள் அநாதை இல்லத்தை நடத்திய ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். செலவில்லாத, அழித்து அழித்து எழுதக்கூடிய அருமையான கருவி. தம் பள்ளியிலும் அதைக் கொண்டுவரச் சொன்னார். உதவியாசிரியர்கள் மறுத்தார்கள். கடைசியில் ஜான் ஃப்ரிஸ்கென் என்ற எட்டு வயது மாணவனுக்குச் சொல்லிக்கொடுத்து, அகரவரிசை வகுப்பையே அவனிடம் ஒப்படைத்தார். வேலை நடந்தது. அந்த அனுபவத்தை 1797-ல் லண்டனில் பெல் நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ பிறகு பிரிட்டனின் பள்ளிகளில் பரவியது. உதவியாசிரியர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று சொல்லிவிட்டுக் கடந்துவிடலாம். ஆனால் அவர்களுக்கு வந்தது கட்டளை, சிறுவனுக்குக் கிடைத்தது பக்கத்தில் நின்று காட்டிக்கொடுத்த பயிற்சி என்பதையும் கவனிக்க வேண்டும்.

கருவி மட்டும் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பெரு நாடு காட்டியது. அங்கே கிராமப் பள்ளிகளுக்கு மடிக்கணினிகளைப் பெரிய அளவில் கொடுத்தார்கள். 319 பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2012-ல் வெளியானபோது, கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை. குஜராத்தின் வடோதராவில் கதை வேறு. பிரதம் அமைப்பு அங்கே நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரத்துக்கு இரண்டு மணி நேரம், ஒரு கணினிக்கு இருவராக உட்காரவைத்து, பாடத்திட்டத்தோடு இணைந்த கணக்கு விளையாட்டுகளை ஆளோடு நடத்தியது. பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்டோர் ஆராய்ந்து 2007-ல் வெளியிட்ட கட்டுரைப்படி கணக்கு மதிப்பெண் கணிசமாக உயர்ந்தது.

தமிழ்நாட்டில் பயிற்சி மேலிருந்து படிப்படியாக இறங்கி வருகிறது. மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் கருத்தாளர்களைத் தயார்செய்யும். அவர்கள் மாவட்டத்துக்கு, மாவட்டத்திலிருந்து வட்டார வள மையத்துக்கு, அங்கிருந்து குறுவள மையத்துக்கு. தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் தொடங்கியபோது மாநிலம் முழுவதையும் விரைவாக எட்ட இந்த ஏற்பாடு உதவியது. அந்த வேகத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு படியிலும் ஏதாவது உதிரும். முதல் படியில் ஆசிரியர்கள் செய்து பார்த்த செயல்பாடு, கடைசிப் படிக்கு வரும்போது பவர்பாயிண்ட்டில் வாசித்துக் காட்டும் குறிப்பாகச் சுருங்கிவிடும் அபாயம் எப்போதும் உண்டு. பயிற்சி முடிந்த அடுத்த திங்கள்கிழமை, வகுப்பில் புரொஜெக்டர் படம் காட்ட மறுக்கும்போது, ஆசிரியர் யாரைக் கூப்பிடுவார் என்பதும் கையேட்டில் இருக்க வேண்டும்.

கேரளம் இந்த இடத்தில்தான் முந்திக்கொண்டது. 2001-ல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கி 2017-ல் கைட் என்ற அரசு நிறுவனமான அமைப்பு, கட்டற்ற மென்பொருளைத் தேர்ந்தெடுத்தது. பள்ளி ஆசிரியர்களையே பயிற்றுநர்களாக வளர்த்தது. பழுதைத் தெரிவிக்கத் தனி ஏற்பாடு வைத்தது. 2024-ல் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி தொடங்கியபோது, 80,000 ஆசிரியர்களுக்கான திட்டத்தைத் தன் சொந்தப் பயிற்றுநர்களை வைத்தே நடத்த அதனால் முடிந்தது.

நம் பக்கம் தனி ஆசிரியர்களின் முனைப்புக்குக் குறைவில்லை. விழுப்புரம் மாவட்டம் கந்தாடு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் ஆங்கில ஆசிரியை அன்னபூர்ணா மோகன், 2017-ல் தன் நகைகளை விற்று வகுப்பறைக்குத் தொடுதிரைப் பலகையும் இருக்கைகளும் வாங்கினார். அந்த ஊடாடும் பலகையைவிட, ஒலிப்பிலிருந்து தொடங்கி ஆங்கிலம் கற்பிக்கும் அவருடைய முறைதான் முக்கியம். முறை முதலில் இருந்தது, பலகை அதற்குத் துணையாக வந்தது. ஒரு நெருடலையும் சொல்ல வேண்டும். ஆசிரியரின் நகையில் நடக்கும் கல்வியைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. அந்த ஆசிரியைக்குத் தெரிந்ததைப் பக்கத்து ஒன்றியத்து ஆசிரியர்கள் நேரில் வந்து பார்க்க வழி செய்வதுதான் அரசு செய்யக்கூடிய மரியாதை.

கடற்கரைப் பள்ளிகளுக்குத் தனிச் சிக்கல்கள் உண்டு. உப்புக்காற்று இணைப்பு முனைகளை அரிக்கும். 2022 டிசம்பர் 9 நள்ளிரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. இப்படிப்பட்ட பருவத்தில் இணையத்தை நம்பி எழுதிய பாடத்திட்டம் ஓடாது. இணையமின்றி இயங்கும்படி முன்கூட்டியே பதிவிறக்கி வைப்பதைப் பயிற்சியின் முதல் நாளிலேயே சொல்லித்தர வேண்டும். இதே கரைக்கு ஒரு வளமும் இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அலையின் உயரத்தையும் காற்றின் வேகத்தையும் முன்கணித்து வெளியிடுகிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீனவர் நண்பன் செயலி வழியே அந்தத் தகவல் மீனவர்களின் கைபேசிக்கே வருகிறது. கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை எந்தக் குப்பத்துப் பள்ளியிலும், அப்பாவின் போனில் வரும் அந்த அலை உயரத்தை ஒரு வாரம் குறித்துவந்து வரைபடத்தாளில் புள்ளி வைக்கச் சொல்லலாம். கணக்கும் புவியியலும் ஒரே தாளில் வந்துவிடும். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

ஆசிரியர்களிடம் பேசினால் முதலில் வரும் புகார் வேறு. வருகைப்பதிவு, நலத்திட்ட விவரம், மதிப்பீடு என்று பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் பதிவேற்றுவதற்கே நேரம் போகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. கையில் இருக்கும் கைக்கணினி பதிவேடாகவே பழகிவிட்டால், அதைப் பாடத்துக்குத் திறக்க மனம் வராது. பதிவேற்றும் வேலையை ஆசிரியரிடமிருந்து முழுவதுமாக எடுத்துவிடுவது எந்தப் பயிற்சியையும்விட விரைவாகப் பலன் தரும்.

புதிதாக வருகிறவர்களைப் பற்றியும் யோசிக்க வேண்டும். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ம் ஆண்டு விதிகளால் பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பானது. அதில் 20 வாரங்கள் பள்ளிப் பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. கைபேசியோடு வளர்ந்த பி.எட். மாணவருக்கு வீடியோ வெட்டவும் ஒட்டவும் தெரியும். அவர் பயிற்சிக்குப் போகும் வகுப்பின் மூத்த ஆசிரியருக்கு, எட்டாம் வகுப்பில் எந்த இடத்தில் பிள்ளைகள் முழிப்பார்கள் என்று தெரியும். இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு பாடத்தை எடுத்து, எதைத் திரையில் காட்டுவது, எதைக் கையால் செய்யவிடுவது என்று பேசித் தயாரித்து, வகுப்பில் நடத்திப் பார்த்து, மறுநாள் திருத்திப் பக்கத்து வகுப்பில் மீண்டும் நடத்த அந்த 20 வாரங்களில் தாராளமாக நேரம் இருக்கிறது. அந்த நேரத்தை அட்டவணையில் எழுதி, அதற்கு மதிப்பெண்ணும் ஒதுக்க வேண்டியவை கல்வியியல் கல்லூரிகள். வாரம் ஒரு பாடவேளையாவது மூத்த ஆசிரியரை அதற்காக விடுவிக்க வேண்டியது மாவட்டக் கல்வி அலுவலகம்.