முடிதிருத்தும் தொழிலில் புகுவோர்க்கு

படிப்பு முடிந்தபின் செய்யத்தக்க தொழில்கள் யாவை என நம்முள் பேச்செழும்போது ஆசிரியப்பணியும் வங்கிப்பணியும் அரசுப்பணியுமே முன்னிற்கின்றன. முடிதிருத்தும் தொழிலை எவரும் சொல்வதில்லை. ஆதலின் அத்தொழிலில் புகும் வழியையும், புகுவோர் கைக்கொள்ள வேண்டுவனவற்றையும் ஈண்டுச் சுருங்கக் கூற முற்படுகின்றோம்.

முற்காலத்தில் இது குலத்தொழிலாய் இருந்தது. அக்குலத்தார் முடி திருத்தியதோடு புண்ணுக்கு மருந்தும் இட்டனர். அவர்தம் இல்லத்து மகளிர் பிள்ளைப்பேறு பார்த்தனர். மருத்துவர், மருத்துவச்சி என்னும் பெயர்கள் அவர்க்கு வழங்கியது இதனாலேயே. இலண்டனிலும் 1540இல் நாவிதரும் அறுவை மருத்துவரும் ஒரே சங்கமாய் இணைந்தனர், 1745இல் பிரிந்தனர். நம் நாட்டிலோ பிணி தீர்த்த அக்கையையே ஊரார் இழிவாக எண்ணினர். அவ்வெண்ணம் இன்னும் முற்றும் ஒழிந்திலது.

ஆயினும் இற்றைநாளில் இத்தொழிலின் கதவு யாவர்க்கும் திறந்துள்ளது. நம் மாவட்டத்தாரே இதற்குச் சான்று. கடலூர்ச் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சிறு உறையில் அடைத்து விற்கும் முறைக்கு வழிகாட்டினார். அவர் மக்களுள் ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலிட்டு ஷாம்புத் தொழில் தொடங்கினார். மற்றொருவரான குமரவேல், தம் துணைவியார் வீணாவுடன் 2000இல் சென்னையில் தொடங்கிய ‘நேச்சுரல்ஸ்’ அழகுநிலையம் பின்னர்ப் பலநூறு கிளைகளாய்ப் பரந்தது.

பண்ருட்டி போன்ற ஊரில் தொடங்குவோர்க்கு ஒரு நாற்காலியும் ஒரு கண்ணாடியும் போதும். ஆனால் அதற்குமுன் தேர்ந்த ஒருவரின் கடையில் கை பழகுதல் இன்றியமையாதது. தொழிற்பயிற்சி நிலையங்கள் சிலவற்றில் ஓராண்டு அழகுக்கலைப் பயிற்சியும் உண்டு. எங்குப் பயின்றாலும் முதற்பாடம் கத்தரியைப் பிடித்தலே. ஓர் அலகு அசையாதிருக்க, கட்டைவிரல் இயக்கும் மற்றோர் அலகே அசைதல் வேண்டும். நனைந்த முடி நீண்டு நிற்கும், உலர்ந்தபின் சுருங்கும். ஆதலின் ஈரத்தில் சற்றுக் குறைவாகவே வெட்டுதல் நன்று. உச்சிச் சுழியை ஒட்டி மிகக் குட்டையாக வெட்டின் முடி குத்திட்டு நிற்கும். முடி வளர்வது திங்களுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே. ஒரு கணத்தில் நேர்ந்த பிழையை வந்தவர் பல வாரம் சுமக்க நேரும்.

இதனினும் பெரிது தூய்மை. ஒருவர்க்கு இட்ட பிளேடு மற்றவர்க்கு ஆகாது. ஹெபடைடிஸ் என்னும் கல்லீரல் நோயைத் தரும் கிருமிகளுள் சில குருதிவழிப் பரவுவன. ஒரே படிகாரக் கட்டியை எல்லார் முகத்திலும் தேய்த்தலும் தீது. துண்டும் சீப்பும் தூயனவாக இல்லையேல் படர்தாமரை தொற்றும். முற்காலத்தார் பெற்றிருந்த மருத்துவர் என்னும் பெயரை இன்று மீண்டும் பெறும் வழி இத்தூய்மையே.

இறுதியாக ஒன்று. கடை வைப்போர் நாற்காலியை யாருக்கும் மறுத்தலாகாது. சாதி காரணமாக முடிதிருத்த மறுத்த கொடுமை நம் நாட்டு ஊர்கள் பலவற்றில் இருந்தது. இன்றும் சில இடங்களில் தலைகாட்டுகின்றது. அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. பண்ருட்டிக்குப் பலாப்பழம் ஏற்றிவரும் வண்டிக்காரரும் முந்திரி வணிகரும் ஒரே நாற்காலியில், ஒரே வெண்துணி போர்த்து அமர்தல் வேண்டும். தொழிலைத் தாழ்வென்று ஒதுக்கும் நெஞ்சமும், வந்தவரைத் தாழ்ந்தவரென்று ஒதுக்கும் நெஞ்சமும் வேறல்ல. சீடர்தம் கால்களைத் தம் கையால் கழுவிய ஆண்டவரைப் போற்றும் நாம், பிறர் தலையைத் தொட்டுத் திருத்தும் கையைத் தாழ்வென்று எண்ணுதல் எங்ஙனம் பொருந்தும்?