கணிப்பொறியில் கன உருவங்கள்

அணையாயினும், மனித முகமாயினும், மலைச்சரிவாயினும், கணிப்பொறித் திரையில் முப்பரிமாணத்தில் தோன்றும் உருவங்களுள் பெரும்பாலானவை சிறு சிறு பலகோணங்களை ஒட்டிச் சேர்த்து அமைக்கப்பட்டவையே ஆகும். கணிப்பொறி உருவத்தை அறியாது, எண்களையே அறியும். ஆகவே கன உருவங்களை எண்களாக எழுதிவைக்கும் முறையை அறிவது, நில அளவைப் பணியாளருக்கும் வடிவகணிதம் கற்பிக்கும் ஆசிரியருக்கும் பயன் தரும். அம்முறையில் நேரும் சிறு பிழை படத்தின் அழகைக் கெடுப்பதோடு நில்லாது, அதனின்று கணக்கிடப்படும் மண்ணின் அளவையும் நீரின் கொள்ளளவையும் மாற்றிவிடக் கூடும்.

இரண்டு பட்டியல்கள்

எடுத்துக்காட்டாகக் கனசதுரம் ஒன்றைக் கொள்ளலாம். அதற்கு 8 உச்சிகளும், 12 விளிம்புகளும், 6 முகங்களும் உண்டு. முதற் பட்டியலில் ஒவ்வோர் உச்சிக்கும் வரிசை எண் இட்டு, அதன் மூன்று ஆயத்தொலைகளும் எழுதப்படும். இரண்டாம் பட்டியலில் ஒவ்வொரு முகமும் எந்தெந்த உச்சிகளை இணைப்பது என்பது வரிசை எண்களால் மட்டுமே குறிக்கப்படும். முகங்களை முக்கோணங்களாகப் பிரித்தால் 12 முக்கோணங்கள் கிடைக்கும். அப்போது உச்சிகளுக்கு 24, முகங்களுக்கு 36 என 60 எண்கள் போதும். ஒவ்வொரு முக்கோணத்தோடும் அதன் உச்சிகளைத் தனித்தனியே எழுதினால் 108 எண்கள் வேண்டும்.

இதன் பயன் சிக்கனம் மட்டுமன்று. முப்பரிமாண அச்சுக்கென 1987-இல் தோன்றிய எஸ்.டி.எல். என்னும் கோப்பு முறை, முக்கோணங்களைத் தனித்தனியாகவே எழுதுகிறது. ஒரே புள்ளி பலமுறை எழுதப்படுகையில் கடைசி இலக்கத்தில் வேறுபாடு நேர்ந்தால், அடுத்தடுத்த முக்கோணங்களிடையே மயிரிழை போன்ற பிளவு உண்டாகும். பிளவுற்ற உருவத்துக்கு உட்புறம் எது, வெளிப்புறம் எது என்று துணிந்து கூற இயலாது.

இதனைச் சோதிக்க 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் கண்ட விதி உதவுகிறது. துளையற்ற மூடிய உருவத்தில் உச்சிகளின் எண்ணிக்கையிலிருந்து விளிம்புகளைக் கழித்து முகங்களைக் கூட்டினால் விடை 2 ஆகும். முக்கோணங்களாகப் பிரித்த கனசதுரத்தில் 8 − 18 + 12 = 2. ஒரு விளிம்பு மட்டும் இரண்டாகப் பிளந்திருப்பின் விடை 1 ஆகிவிடும்.

வரிசையின் பொருள்

முகத்தின் உச்சிகளை வெளியிலிருந்து நோக்கும்போது இடஞ்சுழியாக எழுதுவது வழக்கம். வலக்கை விரல்களை அச்சுழற்சியின் போக்கில் மடக்கினால் கட்டைவிரல் வெளிப்புறத்தைக் காட்டும். பார்ப்பவருக்குப் புறங்காட்டும் முகங்களை வரையாது விடுவதால், மூடிய உருவத்தில் வேலை ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. வரிசை தலைகீழாக எழுதப்பட்ட முகமோ திரையில் ஓட்டையாகத் தோன்றும். கனஅளவு காணும்போது ஒவ்வொரு முக்கோணமும் ஆதிப்புள்ளியோடு இணைக்கப்பட்டு நான்முகியாகி, அதன் கனஅளவு உரிய குறியுடன் கூட்டப்படும். வரிசை தவறிய முகத்தின் பங்கு குறி மாறி, கூட்ட வேண்டியது கழிக்கப்பட்டுவிடும். கழிக்க வேண்டியது கூட்டப்பட்டுவிடும்.

நாற்கரத்தின் இடர்ப்பாடு

மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும்; நான்கு புள்ளிகள் அவ்வாறு அமைய வேண்டுவதில்லை. முக்கோணம் விரும்பப்படுவதன் காரணம் இதுவே. 20 மீட்டர் பக்கமுள்ள சதுர நிலம் ஒன்றில், எதிரெதிர் மூலைகள் இரண்டின் உயரம் 100 மீட்டர் எனவும், மற்ற இரண்டின் உயரம் 102 மீட்டர் எனவும் கொள்க. உயர்ந்த மூலைகளை இணைத்துப் பிரித்தால் நிலத்தின் நடுவே வரப்பு தோன்றும். தாழ்ந்த மூலைகளை இணைத்தால் அதே இடத்தில் பள்ளம் தோன்றும். நடுப்புள்ளியின் உயரத்தில் வேறுபாடு 2 மீட்டர். மண்ணின் கணக்கில் வேறுபாடு சுமார் 267 கன மீட்டர். அளந்த எண்கள் நான்கும் சரியானவையே. ஆயினும் விடைகள் இரண்டு.

புள்ளிகளை முக்கோணங்களாக இணைக்க 1934-இல் ரஷ்யக் கணித அறிஞர் டெலோனே வகுத்த முறை பெரிதும் கையாளப்படுகிறது. அது இயன்ற அளவு ஒடுங்கிய கோணங்களைத் தவிர்க்கும். எனினும் அது கிடைநிலையை மட்டும் நோக்குவது, உயரத்தை நோக்குவதன்று. மேலும் சதுரத்தின் நான்கு மூலைகளும் ஒரே வட்டத்தில் அமைவதால், இரு மூலைவிட்டங்களுள் எது தகும் என்று அம்முறையால் தீர்ப்பளிக்க இயலாது. வரப்பா, வாய்க்காலா என்பதை நிலத்தில் நின்று கண்டவரே கூற வல்லவர்.

களத்திற்குரிய குறிப்புகள்

மேடு, கரை, ஓடை ஆகியவற்றின் கோடுகளைப் புள்ளிகளோடு சேர்த்துக் குறிப்பேட்டில் பதிதல் வேண்டும். அக்கோடுகளைக் குறுக்கே வெட்டாமல் முக்கோணங்களை அமைக்குமாறு மென்பொருளுக்குக் கட்டளையிட முடியும்.

இலக்கங்களின் எல்லையும் கருதத்தக்கது. வரைகலை மென்பொருள்கள் பலவும் ஓர் எண்ணை 32 பிட்டுகளில் வைக்கின்றன. அதில் ஏறத்தாழ 7 இலக்கங்களே நிற்கும். ஆக்ரா அட்சரேகையில் நிலநடுக்கோட்டிலிருந்து அளக்கப்படும் வடதொலைவு சுமார் 30 லட்சம் மீட்டர். அத்தகைய எண்களில் அடுத்தடுத்து நிற்கக்கூடிய மதிப்புகளின் இடைவெளி 25 சென்டிமீட்டர் ஆகும். ஆகவே மில்லிமீட்டர் அளவில் அளந்தவையும் அங்கே மழுங்கிப் போகும். ஆதிப்புள்ளியைப் பணியிடத்தின் அருகே மாற்றி, மாற்றிய தொலைவைத் தனியே குறித்துவைத்தலே இதற்குத் தீர்வாகும்.

ஆசிரியர்கள் அட்டையால் கனசதுரம் ஒன்றைச் செய்வித்து, உச்சிகளுக்கு எண்ணிட்டு, இரு பட்டியல்களையும் மாணவர்களைக் கொண்டே எழுதச் செய்யலாம். ஒரு மாணவர் எழுதிய பட்டியலை மட்டும் கொண்டு மற்றொருவர் அவ்வுருவத்தை மீண்டும் அமைக்க முடியுமாயின், அப்பட்டியல் கணிப்பொறிக்கும் போதுமானதே.