அப்புத்தளையில் அமைக்கத்தக்க ஒரு செய்நிரற் பட்டறை

தொழில் கற்பவன் முதலிற் கருவியைக் கையாளக் கற்கின்றான்; பின்னர் அது பழுதுற்றவிடத்துச் செப்பனிடக் கற்கின்றான்; ஈற்றில் தன் கைக்கும் தன் வேலைக்கும் ஏற்ற கருவியைத் தானே ஆக்கிக்கொள்கின்றான். தச்சர்க்கும் கொல்லர்க்கும் உரிய இம்முறை கணினித் தொழிலுக்கும் பொருந்தும். ஆயினும், பாடசாலைகளிற் கணினி பயில்வோருட் பெரும்பாலார் முதற்படியோடு நின்றுவிடுகின்றனர். பிறர் ஆக்கிய மென்பொருளைப் பிறர் விதித்தவாறு பயன்படுத்துவதே கல்வி எனக் கொள்ளப்படுகின்றது. அடுத்த படிக்கு ஏறும் வழியொன்று மலைநாட்டு மாணவர்க்கும் திறந்தே உள்ளது. கல்விக்கென அமைந்த நுண்கட்டுப்படுத்தி ஒன்றின் செய்நிரற் தொகுப்பானைத் தம் பாடசாலைக் கணினியிலேயே நிறுவி, அதன் உள்ளமைப்பைக் கண்டு, வேண்டியவாறு திருத்தி வழங்குதலே அவ்வழி.

நுண்கட்டுப்படுத்தி என்பது ஒற்றைச் சில்லில் அடங்கிய சிறு கணினி. கற்பித்தற்கென ஆக்கப்பட்டவற்றுள் மைக்ரோபிற் என்னும் பலகை பெயர்பெற்றது. பி.பி.சி. நிறுவனம் பல நிறுவனங்களுடன் கூடி இதனை உருவாக்கி, 2016ஆம் ஆண்டிற் பிரித்தானியாவில் 11, 12 வயதுப் பிள்ளைகள் ஏறத்தாழ 10 இலட்சம் பேருக்கு இலவசமாய் வழங்கிற்று. அவ்வாண்டிலேயே அப்பணி மைக்ரோபிற் கல்வி அறக்கட்டளையின் பொறுப்பாயிற்று. உள்ளங்கையில் அடங்கும் அப்பலகையில் 25 சிறு விளக்குகளும், இரண்டு பொத்தான்களும், அசைவையும் திசையையும் உணரும் உறுப்புகளும் உள்ளன. முதற்பதிப்பின் இயங்கு நினைவகம் 16 கிலோபைற்று. 2020இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பினது 128 கிலோபைற்று. ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் இரண்டாம் பதிப்பிலேயே சேர்ந்தன.

இப்பலகைக்குச் செய்நிரல் எழுதும் இடமே தொகுப்பான். இது கணினியின் மேலோடியிற் திறக்கும் ஒரு பக்கம். மாணவன் பைத்தன் மொழியில் வரிகளை எழுதுகின்றான். பெரிய கணினிகட்கெனப் பிறந்த அம்மொழியை நுண்கட்டுப்படுத்தியின் சிற்றிடத்துள் அடங்குமாறு சுருக்கி, மைக்ரோபைத்தன் என்னும் பெயரில் வெளிக்கொணர்ந்தவர் டேமியன் ஜோர்ஜ் என்பார். தொகுப்பான், மாணவன் எழுதிய வரிகளையும் அவற்றுக்குப் பொருள்கொண்டு செயற்படுத்தும் மைக்ரோபைத்தனையும் ஒரே கோப்பாய் இணைக்கின்றது. அக்கோப்பு யூஎஸ்பி வடத்தின் வழியே பலகையைச் சென்றடைந்ததும் விளக்குகள் ஒளிர்கின்றன. இலங்கையின் கல்விப் பொதுத் தராதர உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலிற் பைத்தன் இடம்பெறுதலால், இப்பயிற்சி பாடத்துக்குப் புறம்பானதன்று.

இனி, தொலைவிலுள்ள தளத்தில் இயங்கும் தொகுப்பானை அங்கேயே பயன்படுத்தினால் என்ன என்று வினவலாம். இணைப்புத் தடையின்றிக் கிடைக்குமிடத்து அவ்வினா நியாயமானதே. ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்தில், மலைமுகட்டிலமைந்த அப்புத்தளையிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் நிலைமை வேறு. 2020, 2021ஆம் ஆண்டுகளிற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஊவா மாகாணத்துப் பிள்ளைகள் அலைபேசிக்கு அலை கிடைக்கும் மேட்டைத் தேடி ஏற நேர்ந்தமை நாடறிந்தது. வரலாறும் இவ்விடத்து நினைக்கற்பாலது. 1945இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகளோ 1970களிலேயே அரசின் பொறுப்பில் வரத்தொடங்கின. ஒரு தலைமுறை பின்தங்கித் தொடங்கிய சமூகம், புதிய கல்விக்கருவி ஒவ்வொன்றும் பிறரிடமிருந்து தாமதமாய் வந்துசேரும்வரை காத்திருத்தல் தகாது.

வழக்கிலுள்ள ஓர் உவமையால் இதனை விளக்கலாம். கொய்த கொழுந்து நெடுந்தூரம் செல்லுமாயின் கெட்டுவிடும். அதனாலன்றோ தோட்டத்தின் நடுவிலேயே தொழிற்சாலை கட்டப்பட்டது. தோமஸ் லிப்டன் 1890இல் அப்புத்தளையை அடுத்த தம்பேத்தன்னவில் நிறுவிய தொழிற்சாலை இன்றும் அதற்குச் சான்று. கொழுந்து வாடுவதும், உருள்வதும், நொதிப்பதும், காய்வதும் ஒரே கூரையின்கீழ் நிகழ்வதால், எந்தப் படியிற் பிழை நேர்ந்ததென்று மேற்பார்ப்போர் உடனே அறியலாம். அவ்வாறே, மென்பொருளின் மூலக் குறிமுறையும், அதனை இயங்கு வடிவாக்கும் கருவிகளும், விளைவைக் காட்டும் மேலோடியும் ஒரே கணினியில் ஒருங்கமைதலை உள்ளூர் ஆக்கச் சூழல் என்பர்.

அறக்கட்டளையின் பைத்தன் தொகுப்பானது மூலக் குறிமுறை எவரும் படித்துத் திருத்தி வழங்குதற்கு இசைந்த எம்.ஐ.ரி. உரிமத்தின்கீழ்க் கிற்ஹப் களஞ்சியத்தில் வைக்கப்பட்டுள்ளது. நிறுவும் முறை நான்கு படிகளைக் கொண்டது. முதலாவதாக, நோட் ஜேஎஸ் என்னும் இயக்கச் சூழல் கணினியில் இடப்படல் வேண்டும். தொகுப்பான் எழுதப்பட்ட ரைப்ஸ்கிரிப்ட் மொழியை மேலோடி அறியும் வடிவுக்கு மாற்றும் கருவிகள் இதன்மேலேயே இயங்கும். களஞ்சியத்தின் அறிமுகக் கோப்பு குறிக்கும் பதிப்பையே இடுதல் நன்று. பதிப்பு மாறுபடுதலே தொடக்கத்தில் நேரும் இடர்களுட் பலவற்றுக்குக் காரணம். இரண்டாவதாக, கிற் என்னும் கருவியாற் களஞ்சியத்தின் படியொன்றைப் பெறுதல் வேண்டும். வெறும் கோப்புறையாய்ப் பதிவிறக்குதலினும் இது சிறந்தது. எவர் எந்த வரியை என்று மாற்றினார் என்னும் வரலாறு முழுதும் உடன்வரும். மாணவன் செய்த மாற்றம் தவறாயின் பழைய நிலைக்கு மீளவும் இயலும்.

மூன்றாவதாக, அக்கோப்புறையுட் சென்று, என்.பி.எம். இன்ஸ்டால் என்னும் கட்டளையைக் கொடுத்தல் வேண்டும். தொகுப்பான் பிறர் எழுதிய பல பொதிகளின்மீது கட்டப்பட்டது. எழுத்துப் பரப்பைத் தருவது கோட்மிரர்; பக்கத்தின் உறுப்புகளை அமைப்பது ரியாக்ற். இவையும் இவை வேண்டும் ஏனையவையும் இக்கட்டளையால் இறங்கும். இப்படிக்கு நல்ல இணைப்பும் பொறுமையும் தேவை. எனினும், ஒருமுறை இறங்கியவை கணினியிலேயே நிலைக்கும். நான்காவதாக, தொடக்கக் கட்டளையைக் கொடுத்தால், கணினி தனக்குத்தானே சேவையகமாகும். மேலோடியில் லோக்கல்ஹோஸ்ற் என்னும் முகவரியை அறிவிக்கப்பட்ட வாயில் எண்ணுடன் இட, தொகுப்பான் திறக்கும். மூலக்கோப்பில் ஒரு சொல்லை மாற்றிச் சேமித்தவுடனே பக்கம் தானே புதுப்பிக்கப்படும். செய்தது என்ன, விளைந்தது என்ன என்பவற்றின் இடையே காலம் கடவாமை கற்போர்க்குப் பெரும்பேறு.

இவ்வளவு நிறுவியதும் இணையம் முற்றும் வேண்டாததாகிவிடும் எனக் கருதுதல் பிழை. பலகையின்றியே செய்நிரலை இயக்கிக் காட்டும் போலச்செய் கருவி தனிக் களஞ்சியத்தில் உள்ளது. தொகுப்பான் அதனைத் தொலைத்தளத்திலிருந்தே தருவித்துக் காட்டுகின்றது. பக்கத்தின் ஓரத்தில் தோன்றும் விளக்கக் குறிப்புகளும் அவ்வாறே வருவன. இணைப்பற்ற வேளையில் இவ்விரண்டும் கிட்டா. ஆயினும், செய்நிரல் எழுதுதலும், அதனைக் கோப்பாய்ச் சேமித்துப் பலகைக்கு அனுப்புதலும் உள்ளூரிலேயே நிறைவேறுவன. ஆகவே, கைக்குப் பலகை வாய்த்த பாடசாலைக்கு இழப்புச் சிறிதே.

பிறிதொரு நுட்பமும் அறியத்தக்கது. மேலோடி யூஎஸ்பி வழியே பலகையோடு நேரே பேசும் வசதி, குரோம், எட்ஜ் முதலிய மேலோடிகளில், பாதுகாப்பான முகவரிக்கே அளிக்கப்படும். கணினி தன்னையே அழைக்கும் லோக்கல்ஹோஸ்ற் முகவரி பாதுகாப்பானதெனக் கொள்ளப்படும். ஆனால், ஆய்வுகூடத்தின் ஒரு கணினியைச் சேவையகமாக்கி, மற்றைக் கணினிகள் அறையின் வலையமைப்பினூடு மறைகுறியாக்கமற்ற சாதாரண முகவரியில் அதனை நாடுமாயின், அவ்வசதி மறுக்கப்படும். அந்நிலையில், கோப்பைச் சேமித்து, மைக்ரோபிற் என்னும் பெயரோடு தோன்றும் சேமிப்பகத்திற் பிரதிசெய்தல் போதுமானது. இக்காரணத்தை அறியாதார் பலகை பழுதென்று எறிந்துவிடவுங் கூடும்.

இப்பட்டறையின் தலையாய பயன் மொழிபற்றியது. தொகுப்பானின் பொத்தான்களிலும் அறிவிப்புகளிலும் தோன்றும் சொற்கள் செய்நிரல் வரிகளுட் சிதறிக்கிடவாமல், மொழிக்கொரு கோப்பாய்த் தனித்து வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு சொல்லுக்கும் அது தோன்றும் இடத்தின் விளக்கமும் உண்டு. ஆங்கிலக் கோப்பை முன்வைத்துத் தமிழ்க் கோப்பொன்றை ஆக்கி, மொழிப் பட்டியலிற் சேர்த்தால், தமிழ் பேசும் தொகுப்பான் கண்முன் தோன்றும். ஈண்டு உள்ளூர்ச் சூழலின் அருமை புலனாகும். தமிழ்ச்சொல் ஆங்கிலச் சொல்லினும் நீண்டு பொத்தானுள் அடங்காது போகலாம். அதனை அட்டவணையில் எழுதுவோன் அறியான். பக்கத்திற் காண்போன் உடனே அறிந்து சுருக்குவான்.

எத்தமிழ் என்னும் வினாவும் உடன் எழும். தமிழகத்தில் உலாவி எனப்படுவது இலங்கைப் பாடநூல்களில் மேலோடி. அங்கு நிரல் எனப்படுவது இங்குச் செய்நிரல். பாடநூலில் ஒரு சொல்லும் கணினித் திரையில் வேறொரு சொல்லும் காணும் தோட்டத்துப் பிள்ளை, இரண்டும் ஒன்றே என்பதை எவ்வாறு உணரும்? ஆங்கிலம் அறிந்த வீட்டில் இதற்கு விடை கிடைக்கும்; லயத்து வீட்டிற் பெரும்பாலும் கிடையாது. அப்பிள்ளையின் ஆசிரியரே சொல்லைத் தெரிந்து திரையில் இடக்கூடுமாயின், அத்தடை நீங்கும். தமிழாற் செய்நிரலாக்கம் இயலும் என்பதற்கு முத்து அண்ணாமலை அவர்கள் ஆக்கிய எழில் மொழி முன்னரே சான்று பகர்ந்துள்ளது.

பலகையின் 25 விளக்குகளும் இதே பாடத்தைப் புகட்டுவன. அதனுள் அமைந்த எழுத்துருவம் ஆங்கில நெடுங்கணக்குக்கே உரியது. தமிழெழுத்து அதில் இல்லை. ஆனால், ஐந்து வரிசையிலும் ஒவ்வொரு விளக்கின் ஒளியளவை 0 முதல் 9 வரையிலான எண்ணாற் குறித்துப் புது உருவம் சமைக்கலாம். இடப்பக்க நிரலையும் அடிவரிசையையும் ஒளிரச்செய்தால் டகரம் தோன்றும். வலப்பக்க நிரலையும் சேர்த்தாற் பகரம் ஆகும். ஒரு பிள்ளை தன் மொழியின் எழுத்தைத் தன் கையால் ஒளிரச்செய்யும் அவ்வேளையிற் கருவி அயலானது என்னும் எண்ணம் அகலும்.

வேண்டுவன மிகையானவையல்ல. ஓரளவு புதிய கணினி ஒன்று, தொடக்கத்தில் நல்ல இணைப்பு, சில பலகைகள், அறிமுகக் கோப்பைப் பொறுமையோடு படிக்கும் ஆசிரியர் ஒருவர் என்பன போதும். நகரத்துக் கல்லூரிகளிற் பயின்று பல நாடுகளிற் கணினித் தொழில் புரியும் பழைய மாணவர், மலைநாட்டுப் பாடசாலையொன்றில் இப்பட்டறையை நிறுவிக் கொடுத்து, பொதிகள் காலந்தோறும் புதுப்பிக்கப்படுகையில் தோன்றும் இடர்களையும் தீர்த்து உதவுவாராயின், அது கட்டடம் எழுப்புதலினும் தாழ்ந்த அறமன்று. கருவியைப் பெறுவோர் கருவியை ஆள்வோராதல் வேண்டும். ஆள்வோர் அதனை ஆக்குவோராதல் வேண்டும். தேயிலையைப் பதப்படுத்தும் பட்டறை மலைக்கு வந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. அறிவைப் பதப்படுத்தும் பட்டறையும் அம்மலையிலேயே அமைதல் முறையாம்.